இதயத்துக்குப் பின்னால் ஒரு சாம்பல் புள்ளி

"ஒருத்தர் தன் கண்ணால பாத்ததை, பாத்தாங்கன்னு நிரூபிக்க முடியுமா சார்?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் கேட்ட கேள்வி இதுதான். கேட்டதும் பட்டாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்துக்குச் சில மாதங்களாக வந்ததெல்லாம் சப்பை வழக்குகள். காணாமல் போன நாய், சொல்லாமல் வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரர், மருமகன் நிஜமாகவே ஆபீசுக்குத்தான் போகிறானா என்று தெரிந்துகொள்ளத் துடித்த ஒரு மாமனார். இது அந்த வகை இல்லை என்று அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

பட்டாசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, மாமியார் வீட்டில் வைத்த பெயர். தொட்டதற்கெல்லாம் வெடிப்பார், வெடித்த சுருக்கிலேயே அடங்கியும் போவார். அதே வீட்டில் மூத்த பெண்ணைக் கட்டியவர்தான் துப்பறிவாளர். அவரை எல்லோரும் மூத்தவர் என்பார்கள். மாடியில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் கையிலிருக்கும் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆக இருவரும் சகலைகள். பட்டாசு பிழைப்புக்குக் காப்பீட்டு முகவராக இருந்தார். ஆனால் அவரிடம் பாலிசி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அவரைச் சகலையின் அலுவலகத்தில் வந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது.

வந்திருந்தவர் ஒரு பெரிய மருத்துவமனையில் படம் பார்க்கும் டாக்டர். ஊசி போடுவதும் மருந்து எழுதுவதும் அவர் வேலையல்ல. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று வருகிற படங்களை இருட்டறையில் உட்கார்ந்து பார்த்து, அதில் என்ன தெரிகிறது என்று அறிக்கை எழுத வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவரின் நெஞ்சுப் படம் அவரிடம் வந்தது. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு மங்கலான புள்ளி. 'சந்தேகமாக இருக்கிறது, மறுபடி சோதிக்கவும்' என்று எழுதியிருந்தார். ஆனால் டிரைவரிடம் 'ஒன்றுமே இல்லை, நிம்மதியாகப் போங்கள்' என்று சொல்லி அனுப்பியது நெஞ்சக மருத்துவர். இப்போது அந்தப் புள்ளி வளர்ந்து கட்டியாகிவிட்டது. டிரைவர் வேறோர் இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு யார் தன்னை ஏமாற்றியது என்று கேட்டு மருத்துவமனை மீது புகார் கொடுத்திருக்கிறார்.

நெஞ்சக மருத்துவர் சொன்ன பதில் டாக்டரைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரி அப்போது அறிக்கையில் இல்லவே இல்லை, புகார் வந்த பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இவரே சேர்த்துவிட்டார் என்றார் அவர். அறிக்கைகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றியபோது எல்லாவற்றுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. அதனால் எது எப்போது எழுதியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"படத்தைப் பாத்தா தெரிஞ்சிடுமே," என்றார் பட்டாசு.

பார்த்தார்களாம். காப்பகத்தில் இருந்த படத்தில் புள்ளி இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. பழைய படங்களைச் சுருக்கித்தான் வைக்கிறார்கள், அதில் மங்கிப்போயிருக்கும் என்று டாக்டர் வாதாடினார். அந்த வாதத்துக்கு நாலு நாள்தான் ஆயுசு. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் மேசைத் தட்டில் யாரோ ஒரு பென் டிரைவைப் போட்டுவிட்டுப் போனார்கள். 'மெஷினில் இருந்த அசல், சுருக்காதது' என்று மேலே ஒரு சீட்டு. உள்ளே அதே டிரைவரின் அதே படம். அதில் புள்ளி துளிக்கூட இல்லை. டாக்டரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். படங்களைப் பார்க்கும் திரைப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. அந்த அசலைத் தாளில் அச்சடித்து மட்டும் காட்டினார்கள்.

"நாளைக்குக் காலைல விசாரணை. பொய் அறிக்கைன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா இனி நான் டாக்டரே இல்லை," என்றார். பிறகு குரல் உள்ளே போய்விட்டது. "அதைவிட ஒன்னு இருக்கு சார். ராத்திரி எல்லாம் யோசிச்சு யோசிச்சு, நிஜமாவே பாத்தேனா, இல்ல பாத்ததா நினைச்சுக்கிட்டேனான்னு எனக்கே குழப்பமா இருக்கு. கண்ணை நம்ப முடியலைன்னா நான் எப்படி இன்னொரு படத்தைப் பாப்பேன்?"

மூத்தவர் காபியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பட்டாசு அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் ஒருவர் வந்து ஆதாரங்களைப் பார்க்கலாம் என்று மருத்துவமனையின் விதி இடம் கொடுத்தது. ஒருவர் என்றுதான் விதி. பட்டாசைப் பார்த்த கண்காணிப்பாளர் அம்மாள், இவர் யார் என்று கேட்டார். என்னுடைய பாதி என்றார் மூத்தவர். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் உள்ளே விட்டார்.

முதலில் காப்பகம். ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி குளிர்ந்த அறை, சுவரோரம் பச்சை விளக்குகள் மினுக்கும் இரும்பு அலமாரிகள். காப்பகப் பொறுப்பாளர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தார். தன் வேலையைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. மெஷினிலிருந்து வருகிற படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கருப்பிலிருந்து வெள்ளைவரை நாலாயிரத்துச் சொச்சம் சாம்பல் படிகள் உண்டு, அதைத்தான் பன்னிரண்டு பிட் என்கிறோம் என்றார். ஒரு வருஷம் படத்தை அப்படியே வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு இடம் பற்றாது. பதினாறு படிகளை ஒரே படியாக்கி, மொத்தத்தை இருநூற்று ஐம்பத்தாறு படியாகக் குறைத்து, எட்டு பிட் ஆக்கி, அதையும் அழுத்திச் சுருக்கி வைப்பார்கள். அசலை அழித்துவிடுவார்கள்.

பட்டாசு விழித்ததைப் பார்த்து அவரே ஓர் உதாரணம் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தினால் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். பெஞ்சுக்குப் பதினாறு பேராக உட்காரவைத்தால், யார் எந்த பெஞ்ச் என்றுதான் தெரியும், ஒரே பெஞ்சில் இருப்பவர்களில் யார் உயரம் என்று தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் தொலையாது என்று அழுத்திச் சொன்னார். அழுத்தும்போது ஏதாவது தடயம் விழுமா என்று மூத்தவர் கேட்டார். ரொம்பப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும், காப்பகத்தில் அழுத்திய படத்தில் மட்டும்தான் அது வரும் என்றார் பொறுப்பாளர்.

பென் டிரைவில் இருந்த படத்தைத் திறந்து காட்டும்படி கேட்டார்கள். பன்னிரண்டு பிட் என்றே கோப்பு சொன்னது. பொறுப்பாளர் அதற்கு மேல் அதைச் சோதிக்கவில்லை. அவருக்கு அது வயிற்றில் பால் வார்த்த படம். தன் காப்பகம் எதையும் தொலைக்கவில்லை என்று அது சொன்னதே. பட்டாசு சும்மா இருக்க மாட்டாமல் மவுஸைப் பிடித்து இழுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். விலா எலும்பின் ஓரம் குளியலறைத் தரை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் பட்டாசு சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார். இவன்தான் ஆள், சந்தேகமே இல்லை, தன் காப்பகத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்ப் படத்தைச் செய்து வைத்துவிட்டான் என்றார். இருக்கலாம் என்றார் மூத்தவர். இருக்கலாம் என்று அவர் சொன்னால் இல்லை என்று அர்த்தம் என்பது பட்டாசுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவருக்குச் சுருதி குறையவில்லை.

அடுத்து எக்ஸ்ரே அறை. டெக்னீஷியன் ஒரு நடுவயதுப் பெண், படபடவென்று பேசுகிறவர். பென் டிரைவைத் தான் வைக்கவில்லை என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். மெஷின் அவர் கையில் இருப்பதால் எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்களாம். அந்த டிரைவரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மறக்க முடியுமா சார்? மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னேன். பிடிச்சாரு. பட்டனை அழுத்துற நேரத்துல தும்மினாரு பாருங்க, பஸ் ஹாரன் தோத்துச்சு. ஆள் ஒரு பக்கமா சாய்ஞ்சு தோள்பட்டை பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. ரிஜெக்ட் பண்ணிட்டுத் திரும்ப எடுத்தேன்."

படம் பார்க்கும் டாக்டரோடு அவருக்குச் சண்டை ஏதும் உண்டா என்று பட்டாசு போலீஸ் குரலில் கேட்டார். உண்டு என்றார் அந்தப் பெண் ஒளிக்காமல். தான் எடுக்கும் படங்களில் அந்த அம்மா நூறு நொட்டை சொல்வார், ஆனால் ஒருநாளும் காரணமில்லாமல் சொன்னதில்லை என்றார். படியேறும்போது பட்டாசின் சந்தேகம் முழுசாக இந்தப் பெண் மேல் தாவியிருந்தது.

நெஞ்சக மருத்துவரின் அறை மாடியில், கண்ணாடிக் கதவு, நல்ல வெளிச்சம். நரைத்த தலை, கம்பீரமான ஆள். கதவைத் தானே பூட்டித் திறப்பார், தன் கணினியை வேறு யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பு. கோபமாக இருப்பார் என்று பட்டாசு எதிர்பார்த்தார், ஆனால் மரியாதையாகவே பேசினார். டாக்டரம்மா நல்லவர்தான், பயத்தில் தப்புப் பண்ணிவிட்டார், பாவம் என்றார். காப்பகப் படத்தையே பாருங்கள் என்று தன் திரையில் அதைத் திறந்தும் காட்டினார். சன்னல் வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று இருந்தது. நுரையீரல் கரிக் கருப்பு, நடுவில் இதயம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"எனக்கு இந்தச் சாம்பல் வழவழா எல்லாம் ஆகாது. கருப்புன்னா கருப்பா, வெள்ளைன்னா வெள்ளையா தெரியணும். இந்தத் திரை வந்த நாள்லேருந்து இப்படித்தான் வெச்சிருக்கேன். எங்கே இருக்கு புள்ளி, காட்டுங்க பாப்போம்."

பட்டாசு எட்டிப் பார்த்தார். புள்ளியின் சாயல்கூட இல்லை. அவர் மனசு கொஞ்சம் கலங்கியது. டாக்டரம்மாவே ஒருவேளை, என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தை விரட்டுவதற்காக, எதற்கும் இருக்கட்டும் என்று போனை எடுத்துத் திரையைப் படம்பிடித்துக்கொண்டார். மருத்துவர் அதைத் தடுக்கவில்லை.

அன்று மாலை டயர்க் கடை மாடியில் பட்டாசு நடையாய் நடந்தார். காப்பகக்காரருக்குக் காரணம் இருந்தது. டெக்னீஷியனுக்கு வசதி இருந்தது. நெஞ்சக மருத்துவருக்கு இரண்டும் இருந்தாலும் அசல் படத்திலேயே புள்ளி இல்லையே, அப்புறம் அவர் எதை மறைக்கப் போகிறார்? மூத்தவர் பட்டாசின் போனில் இருந்த படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்ல காரியம் பண்ணீங்க சகலை," என்றார். கல்யாணமான நாளிலிருந்து பட்டாசு இந்த மனிதரிடம் வாங்கிய முதல் பாராட்டு அது. எதற்காக என்று மட்டும் புரியவில்லை. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று கேட்கவும் இல்லை.

விசாரணை, படம் பார்க்கும் இருட்டறையிலேயே நடந்தது. மூத்தவர்தான் அங்கே வேண்டும் என்று கேட்டிருந்தார். அருகருகே இரண்டு பெரிய திரைகள். கண்காணிப்பாளர் அம்மாள், நெஞ்சக மருத்துவர், காப்பகப் பொறுப்பாளர், டெக்னீஷியன் எல்லோரும் வந்திருந்தார்கள். கதவோரம் பஸ் டிரைவர் மடியில் ஓர் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவர் டாக்டரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டரும் தலை நிமிரவில்லை.

மூத்தவர் இரண்டு படங்களையும் திறக்கச் சொன்னார். இடது திரையில் காப்பக நகல், வலது திரையில் பென் டிரைவ் அசல். பிறகு காப்பகப் பொறுப்பாளரிடம், ஒவ்வொரு படத்திலும் எத்தனை விதமான சாம்பல் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அது கணினிக்கு ஒரு நொடி வேலை என்றார் பொறுப்பாளர்.

நகலில் இருநூற்று முப்பதுக்குக் கொஞ்சம் மேல். அதை அவர் சாதாரணமாகப் படித்தார். அசலின் எண்ணிக்கை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். தொண்ணூற்றுச் சொச்சம். சாம்பலுக்கு ஒரு கோடாகத் திரையில் எழுந்த கோட்டுப் படமும் அதையே சொன்னது. நாலாயிரம் படி இருக்க வேண்டிய இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோடுகள், பல் உடைந்த சீப்பைப் போல. வெள்ளை ஓரத்தில் மட்டும் ஒரு கோடு கூரையை முட்டி நின்றது.

"அசல்ல இருந்து நகல் எடுத்தா நிறம் குறையும். இங்க நகல்ல அதிகமா இருக்கு, அசல்ல கம்மியா இருக்கு," என்றார் மூத்தவர். "பிள்ளை பிறந்ததுக்கப்புறம் அப்பா பிறந்த கதையா இருக்கு."

பொறுப்பாளர் நேர்மையான ஆள். அழுத்தும்போது இடையில் சில புதுச் சாம்பல்கள் தானாக உண்டாவதும் உண்டு, எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்று குறுக்கிட்டார். நெஞ்சக மருத்துவர் பலமாகத் தலையாட்டினார். மூத்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எண்ணிக்கையை விட்டுவிடுவோம் என்றார் அவர். இடது திரையில் இதயத்தின் நிழலைக் காட்டினார். அந்த வெளுப்புக்குள்ளே மங்கலாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி, முதுகெலும்பின் வளையங்கள் தெரிந்தன. வலது திரையில் அதே இடம் வெறும் வெள்ளை. புதுச் சுவர் மாதிரி ஒரு கீறல் இல்லை. அழுத்தினால் சாம்பல் உண்டாகலாம், ஆனால் ஒரு மனிதனின் முதுகெலும்பை இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக உண்டாக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் பொறுப்பாளர், இந்தமுறை மெதுவாக.

அப்புறம் வலது படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். விலா எலும்பின் ஓரத்தில் குளியலறைத் தரை. காப்பகத்தில் அழுத்திய படத்தில் மட்டுமே விழும் கட்டங்கள், சுருக்காத அசலில் எப்படி வந்தன என்று மூத்தவர் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பொறுப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது மெஷின்லேருந்து வந்ததே இல்லை. என் காப்பகத்து நகலை எடுத்து, நிறத்தை இழுத்து, பன்னிரண்டு பிட் டப்பாவுல போட்டு மூடியிருக்காங்க. டப்பா பெருசு, சரக்கு அதேதான். நேத்தே எண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்கு வசதியா இருந்துச்சுன்னு பாக்காம விட்டுட்டேன்."

அறையில் ஒரே சலசலப்பு. டெக்னீஷியன் தன்னை யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். பட்டாசுக்கு உட்கார முடியவில்லை. சகலை தன் பக்கம் கையை நீட்டியதும் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. போனை எடுத்துக் கொடுத்தார்.

மூத்தவர் அந்தப் போனை வலது திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். நெஞ்சக மருத்துவரின் அறையில் எடுத்த படம். கரிக் கருப்பு நுரையீரல், சுண்ணாம்பு வெள்ளை இதயம், வெள்ளை தொடங்கும் வளைவும் முடியும் வளைவும், எதிலும் நூலளவு வித்தியாசம் இல்லை. நகலை இப்படிக் காட்டுகிற திரை இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான், அந்த அறையின் சாவியும் ஒருவரிடம்தான் என்றார். காப்பகக்காரர் பொய்ப் படம் செய்ய நினைத்திருந்தால் முழு நகலையும் கையில் வைத்துக்கொண்டு நிறத்தை இப்படிக் கெடுத்திருக்க மாட்டார். டெக்னீஷியனுக்குக் காப்பகத்தில் நுழையவே அனுமதி இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால்தான் அது நல்ல படம், அசல் படம் என்று மனசார நம்புகிற ஒருவர் மட்டுமே இந்தத் தப்பைச் செய்ய முடியும். தன் திரையில் தெரிந்ததை அப்படியே சேமித்து, அதைத்தான் அசல் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்துவிட்டார்.

எல்லோரும் நெஞ்சக மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் கம்பீரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் பேசியது டாக்டரிடம் அல்ல, டிரைவரிடம்.

"அன்னைக்கு உங்ககிட்ட நான் பொய் சொல்லலை. என் திரையில அது இல்லவே இல்லைங்க. இருந்திருந்தா சொல்லியிருப்பேன். அந்தம்மா எழுதின அறிக்கையை நான் பிரிச்சே பாக்கலை, படத்தைத்தான் நானே பாத்துட்டேனேன்னு. பொய்யெல்லாம் அதுக்கப்புறம்தான்."

கண்காணிப்பாளர் அம்மாள் மருத்துவரை வெளியே போய்த் தன் அறையில் காத்திருக்கச் சொன்னார். கதவு மூடியதும் பட்டாசு கைதட்டப் போனார். டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாளின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அவர் பொய்ன்னு ஆயிடுச்சு. நான் உண்மைன்னு ஆகலையே," என்றார் டாக்டர். "அசலைத்தான் அழிச்சாச்சு. நான் பாத்தேனான்னு இனி யாருக்கும் தெரியப்போறதில்லை. எனக்கும்தான்."

அது சரிதான் என்பது பட்டாசுக்கு உறைத்தது. அவர் சகலையைப் பார்த்தார். மூத்தவரோ டெக்னீஷியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஜெக்ட் பண்ணிய படம் காப்பகத்துக்குப் போகுமா என்று கேட்டார்.

"அது எதுக்கு சார் போகணும்? குப்பைப் படம். மெஷின்லயே தனியா ஒரு இடத்துல கிடக்கும். எத்தனை தப்பு பண்ணேன்னு கணக்கெடுக்கிறதுக்கு. நான் எங்க காலி பண்ணேன், அதுபாட்டுக்குக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே வந்த அந்தப் பெண் சட்டென்று நிறுத்தினார். நாற்காலி கவிழ, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடைபாதையில் ஓடினார். பட்டாசு பின்னாலேயே ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று பாதி வழியில்தான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் அந்தப் பெண்ணையே முந்தப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய படம் காப்பகத்துக்குப் போகவில்லை. போகாததால் அதை யாரும் குறைக்கவில்லை, அழுத்தவில்லை, அழிக்கவும் இல்லை.

மெஷினின் பட்டியலில் மூன்று வருஷத்துக் குப்பை இருந்தது. தலை வெட்டுப்பட்ட படங்கள், அசைந்து கலங்கிய கைகால்கள், சட்டைப் பித்தான் விழுந்த நெஞ்சுகள். டெக்னீஷியன் விரலால் தள்ளிக்கொண்டே போனார். பட்டாசு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, சீக்கிரம் சீக்கிரம் என்று முணுமுணுத்தார். டிரைவரின் பெயர் வந்ததும் அவர் விரல் நின்றது.

இருட்டறையின் இடது திரையில் அந்தப் படம் விரிந்தது. தோள்பட்டை பாதி இல்லை. ஆள் சாய்ந்து நின்றார். ஆனால் நெஞ்சின் நடுப்பகுதி முழுசாக இருந்தது. பொறுப்பாளர் தானாகவே சாம்பலை எண்ணினார். மூவாயிரத்துச் சொச்சம், ஒரு பல்கூட விழாத சீப்பு.

டாக்டர் அப்போதும் எழவில்லை. மூத்தவர் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அதைத் தொட்டார். இதயத்தின் வெளுப்பைப் பிடித்து, அதற்குள் இருக்கும் சாம்பல்களை மட்டும் பிரித்து, மெல்ல மெல்ல விரித்தார். முதுகெலும்பு வந்தது. விலா எலும்பு வந்தது. இன்னும் கொஞ்சம் விரித்தபோது, இரண்டு வளையங்களுக்கு நடுவே, பட்டாணி அளவில், பக்கத்தைவிட ஒரு துளி வெளுத்த புள்ளி ஒன்று வந்து நின்றது.

பட்டாசுக்கே தெரிந்தது. கண்காணிப்பாளர் அம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அங்கே அளந்து பார்த்த பொறுப்பாளர், புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் பத்துப் படிதான் வித்தியாசம், தன் பெஞ்சில் எல்லாமே ஒன்றாக உட்கார்ந்துவிட்டன என்றார். அவர் மூன்று வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. இனி எதையும் இப்படிக் குறைக்கக்கூடாது என்று கண்காணிப்பாளரிடம் எழுதித் தருவதாகச் சொன்னார்.

டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு சிரிப்பும் வந்து, இரண்டையும் அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டிரைவர் எழுந்து வந்தார். திரையில் தன் நெஞ்சையும் அந்தப் புள்ளியையும் பார்த்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக டாக்டரை நேராகப் பார்த்தார்.

"என்னை ஏமாத்தினது நீங்கன்னுதான் நினைச்சிட்டிருந்தேம்மா. இத்தனை நாளா உங்களைத்தான் திட்டிட்டிருந்தேன்."

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். டிரைவர் மடியில் வைத்திருந்த உறையை நீட்டினார். சிகிச்சை முடிந்து நேற்று எடுத்த படம், அங்கே அறிக்கை வர இன்னும் நாளாகும் என்றார்கள், விசாரணையில் காட்டலாம் என்று கொண்டுவந்தேன் என்றார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. வேற யாரும் வேணாம்."

டாக்டர் திடுக்கிட்டுக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். திரையைத் தொடக்கூடாது என்ற உத்தரவு இன்னும் அமலில்தான் இருந்தது. கண்காணிப்பாளர் அம்மாள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து டாக்டருக்குப் பின்னால் போட்டார்.

உறைக்குள் இருந்த குறுந்தட்டு கணினியில் சுழன்று படம் வந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையருகே நகர்ந்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, சாம்பலை விரித்தும் சுருக்கியும் பார்த்தார். பட்டாசுக்கு அதில் சாம்பலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனாலும் கண்கொட்டாமல் பார்த்தார். மூத்தவர்கூடக் கழுத்தை நீட்டியிருந்தார்.

"சுருங்கியிருக்கு," என்றார் டாக்டர். "இருந்ததுல பாதிகூட இல்லை. ஓரமெல்லாம் காய்ஞ்சு போயிருக்கு. மருந்து வேலை செய்யுதுங்க."

டிரைவர் திரையையே பார்த்தபடி நின்றார். பிறகு குழந்தையைப் போலக் கேட்டார்.

"நிச்சயமாத் தெரியுதாம்மா?"

"தெரியுது," என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.